மளிகைக் கடைக்குப் போன என் கடிதம்

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஒரு கார்த்திகை மாதத்தில், திருச்சானூரில் என் மகள் வீட்டில் நடந்தது இது. அன்று நான் எழுதிய நான்கு வரிக் கடிதம் போக வேண்டிய ஆளிடம் போகாமல் மளிகைக் கடைக்குப் போய்விட்டது. அப்படிப் போனதும் நல்லதற்குத்தான் என்று இப்போது தோன்றுகிறது.

என் ஊர் ஆந்திராவில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டின குடிபாலா பக்கம். அப்போது அங்கே தமிழ்ப் பள்ளிக்கூடம் இருந்தது. ஐந்தாவது வரை படித்தேன். கல்யாணமாகிச் சித்தூருக்கு வந்த சில வருடத்தில் என் வீட்டுக்காரருக்கு உடம்பு முடியாமல் போனது. நான் ஒரு குஷன் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். கார், ஜீப், வேன் எல்லாவற்றுக்கும் சீட் தைக்கிற கடை. மெஷினில் உட்கார்ந்து தைப்பதெல்லாம் ஆண்கள். பழைய சீட்டைப் பிரிப்பது, உள்ளே தேங்காய் நார் அடைப்பது, ஓரத்தைக் கை ஊசியால் தைத்து மூடுவது, இதெல்லாம் என் வேலை. தூசியும் நாற்றமும் உள்ள வேலை என்பதால் மற்றவர்கள் யாரும் செய்ய வரமாட்டார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. யாரிடமும் பேச வேண்டியதில்லை. ஒரு சீட்டைப் பிரித்தால் உள்ளே வேர்க்கடலைத் தோல் இருக்கும், கொண்டை ஊசி இருக்கும், பழைய பஸ் டிக்கெட் இருக்கும். ஒரு முறை, காகிதத்தில் பத்திரமாக மடித்த ஒரு பால் பல் கிடைத்தது. எந்தக் குழந்தையுடையதோ தெரியாது. தூக்கிப் போட மனம் வராமல், புது நாரோடு சேர்த்துத் திரும்ப உள்ளேயே வைத்துத் தைத்துவிட்டேன். இருபத்திரண்டு வருடம் அந்த வேலை செய்தேன்.

என் வீட்டுக்காரர் போன பிறகு மகள் என்னைத் திருச்சானூருக்கு அழைத்துக்கொண்டாள். மகள் ஒரு லாட்ஜில் துணிமணிகளைப் பார்த்துக்கொள்கிற வேலை செய்கிறாள். மாப்பிள்ளை இரண்டு கார் வைத்து வாடகைக்கு ஓட்டினார். ஒன்றை அவரே ஓட்டுவார், இன்னொன்றுக்கு டிரைவர். சாமி பார்க்க வருகிறவர்கள், கல்யாணத்துக்கு வருகிறவர்கள் என்று ஏதாவது சவாரி இருந்துகொண்டே இருக்கும். வீட்டு வாடகை, பேத்தியின் காலேஜ் பீஸ் எல்லாம் அந்த இரண்டு வண்டியில்தான் ஓடியது.

மாப்பிள்ளை எங்களுக்குச் சொந்தமில்லை, அசல். திருப்பதியிலேயே பிறந்து வளர்ந்தவர். வீட்டில் தமிழ் பேசுகிறவர்கள்தான், ஆனால் வெளியே எல்லாம் தெலுங்கு. மாமியார்க்காரி மாப்பிள்ளை முன்னால் வந்து நிற்கக் கூடாது, அவர் காதில் விழும்படி பேசக் கூடாது என்று சொல்லித்தான் என் அம்மா என்னை வளர்த்தாள். இந்தக் காலத்தில் யாரும் அப்படி இல்லை என்று எனக்கும் தெரியும். ஆனால் நான் இயல்பிலேயே வாய் இல்லாதவள். கூச்சத்துக்கு அந்த வழக்கம் நல்ல மறைவாக இருந்தது. மகளுக்குக் கல்யாணமாகிப் பத்தொன்பது வருடம், ஒரே வீட்டில் ஒன்பது வருடம், நான் அவரிடம் நேராக ஒரு வார்த்தை பேசினதில்லை. அவர் கூடத்துக்கு வந்தால் நான் சமையல் கட்டுக்குப் போய்விடுவேன். காபியைச் சமையல் கட்டு வாசல்படியில் வைத்து, டம்ளரால் ஒரு முறை தட்டுவேன். அவர் வந்து எடுத்துக்கொள்வார். மளிகைச் சாமான் வேண்டுமென்றால் காகிதத்தில் எழுதி அந்த டம்ளருக்கு அடியில் வைப்பேன். எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு போய் எல்லாவற்றையும் சரியாக வாங்கி வந்துவிடுவார்.

அந்த வருடம் அவருக்கு ஒரு ஆசை வந்தது. பழைய வெளிநாட்டுக் கார் ஒன்று வாங்க வேண்டும். அந்தக் காலத்தில் கப்பலில் வந்து இறங்கின மாதிரியான கார். இப்போது கல்யாணங்களில் பெண்ணையும் மாப்பிள்ளையையும் அப்படிப்பட்ட காரில் உட்காரவைத்துப் படம் எடுக்கிறார்களாம். திருப்பதியில் கல்யாண மண்டபங்களுக்குக் குறைவா? ஒரு கார் இருந்தால் போதும், ராத்திரி பகல் மலையடிவாரத்துக்கும் ஸ்டேஷனுக்கும் அலைய வேண்டாம் என்பார் மகளிடம். சமையல் கட்டில் எனக்குக் கேட்கும். மூன்று மாதமாக போனிலேயே தேடிக்கொண்டிருந்தார். கடைசியில் சென்னையில் ஒரு கார் அகப்பட்டது. அடர்ந்த பச்சை நிறம். உள்ளே சிவப்புத் தோல் சீட். விற்கிறவர் இருபது முப்பது படம் போட்டிருந்தார். ஒரே குடும்பத்து வண்டி, வெளிநாட்டிலிருந்து வந்தபடியே இருக்கிறது, ஒரு நூல்கூட மாற்றவில்லை என்று எழுதியிருந்தாராம்.

மாப்பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு வாங்குகிற ஆள் இல்லை. வண்டிப் பேப்பர்களை எல்லாம் அனுப்பச் சொல்லி, ஆபீஸில் தெரிந்தவரிடம் காட்டினார். இன்ஜின் ஓடுகிற வீடியோவை ஒரு மெக்கானிக்கிடம் காட்டி, சத்தம் நன்றாக இருக்கிறது என்று கேட்டுக்கொண்டார். எல்லாம் பார்த்து, தன் இரண்டு வண்டியில் நல்ல வண்டியை விற்றுவிட்டு இதை வாங்குவது என்று முடிவு செய்தார். வண்டியை எடுக்க ஆள் மறுநாள் மத்தியானம் வருவதாக ஏற்பாடு. அவர் வந்து போனதும் சென்னைக்கு முன்பணம் அனுப்ப வேண்டும்.

முந்தின நாள் சாயங்காலம், எல்லோரும் பார்க்கட்டும் என்று அந்தப் படங்களை டிவியில் போட்டார். நான் சமையல் கட்டு வாசலில் கதவோரமாக நின்று பார்த்தேன். கார் அழகுதான். முன்பக்கம் தும்பிக்கை வைத்த மாதிரி வளைந்து இறங்கியது. மகள் வாயில் கைவைத்துக்கொண்டாள். பிறகு உள்பக்கத்துப் படங்கள் வந்தன.

எனக்கு முதலில் கண்ணில் பட்டது கதவு. கதவின் உள்பக்கம் ஒரு அட்டை வைத்து அதன்மேல் தோல் ஒட்டியிருப்பார்கள். அந்த அட்டையின் கீழ்ப்பாகம் லேசாக அப்பளம் மாதிரி நெளிந்திருந்தது. ஒரு கதவு நெளியலாம், ஜன்னலைத் திறந்து வைத்து மழையில் நனைந்திருக்கும். நான்கு கதவும் நெளிந்திருந்தது, நான்கிலும் ஒரே உயரத்துக்கு. அடுத்த படத்தில் பின்சீட்டின் பக்கவாட்டில், அதே உயரத்தில், கஞ்சி காய்ந்த பானையில் இருக்குமே ஒரு கோடு, அப்படி ஒரு கோடு இருந்தது. கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் இருந்தது. தரையில் விரித்த கம்பளம் மட்டும் புத்தம் புதிது.

வெள்ளத்தில் நின்ற வண்டியை மேலாக மூடி வைத்திருக்கிறார்கள் என்று எனக்குப் பட்டது. ஏனென்றால் அந்த வேலையை நானே செய்திருக்கிறேன்.

குஷன் கடையில் சேர்ந்து ஏழெட்டு வருடம் இருக்கும். ஒரு வேன் வந்தது. வெள்ளத்தில் இரண்டு நாள் நின்ற வண்டி. சீட்டைப் பிரித்தால் நார் எல்லாம் சேறு. எல்லாவற்றையும் எடுத்துப் போட்டுப் புதிதாக அடைக்க வேண்டும். முதலாளி, "மேல ஒரு வரிசை நார் போட்டு மூடுமா. அவுங்க விக்கத்தான் போறாங்க" என்றார். நான் வாயே திறக்கவில்லை. சேற்றுக்கு மேலே புது நாரைப் பரப்பி, ஓரத்தைச் சுத்தமாகத் தைத்து மூடினேன். பார்க்க அவ்வளவு நன்றாக இருந்தது. நான்கைந்து மாதம் கழித்து அதை வாங்கினவர் தன் மனைவியோடு வந்து கடை வாசலில் நின்றார். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை ஏற்றிப் போகிற வண்டியாம். நாற்றம் தாங்காமல் யாரும் ஏறவில்லை, தரைத் தகடு எல்லாம் துரு தின்று கால் வைத்தால் உள்ளே போகிறது என்றார். அந்த அம்மாள் சீட்டைத் தடவிப் பார்த்துக்கொண்டே நின்றாள். நான் உள்ளே குனிந்து நார் பிரித்துக்கொண்டிருந்தேன். தலையைத் தூக்கவில்லை.

டிவியில் கார் படம் பார்த்து முடிந்து மகள் சமையல் கட்டுக்கு வந்ததும் மெல்லச் சொன்னேன்.

"அது தண்ணில நின்ன வண்டி மாதிரி கீதுடி."

"டிவில பாத்தே தண்ணி தெரிஞ்சிச்சா உனக்கு? கண்ணு ஆபரேசன் பண்ணி ஆறு மாசம் ஆவல."

"கதவு அட்டைய பாரு. எல்லாம் ஒரே உசரத்துக்கு ஊறிகினு கீது."

"அம்மா, மெக்கானிக்கு பாத்துட்டாரு, ஆபீசுல பாத்துட்டாங்க. மூணு மாசமா அவரு இதே கனவா கீறாரு. இப்ப போயி நான் குறுக்க நின்னா மூஞ்சி போயிடும்." பிறகு தோசைக் கல்லைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "உனுக்கு அவ்ளோ தெரிஞ்சா நீயே சொல்லு அவர்கிட்ட. பத்தொம்பது வருசத்துல 'சாப்டீங்களா'ன்னு ஒரு வார்த்த கேட்டிருப்பியா நீ?"

கிண்டலாகத்தான் சொன்னாள். எனக்குச் சுருக்கென்றது.

காலையில் மகள் வேலைக்குப் போய்விட்டாள். மாப்பிள்ளை குளித்துக்கொண்டிருந்தார். நான் நாள்காட்டியில் முந்தின நாள் தாளைக் கிழித்து, அதன் பின்பக்கத்தில் எழுதினேன். 'மாப்பிள்ளைக்கு. அந்தக் கார் வெள்ளத்தில் நின்ற கார் என்று நினைக்கிறேன். கதவு அட்டையையும் பின்சீட்டின் ஓரத்தையும் பாருங்கள். நேரில் பார்க்காமல் பணம் அனுப்ப வேண்டாம். தப்பாக இருந்தால் மன்னிக்கவும். அத்தை.' எழுதி முடிக்கக் கால் மணி நேரம் ஆனது. இரண்டு முறை படித்துப் பார்த்து, மடித்து, காபி டம்ளருக்கு அடியில் வைத்துத் தட்டினேன்.

கதவிடுக்கு வழியாகப் பார்த்தேன். வந்தார். காபியைக் குடித்தார். தாளை எடுத்தார். பிரித்துக்கூடப் பார்க்காமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். செருப்பை மாட்டிக்கொண்டு, பையையும் எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

படிக்காமலே தூக்கிப் பையில் போட்டாரே, கிழவி பேச்சுக்கு இவ்வளவுதான் மரியாதை என்று நினைத்தேன். உடனே, அவர் எதற்கு என்னை மதிக்க வேண்டும் என்றும் தோன்றியது. முருங்கைக் கீரையை எடுத்து வைத்து ஆய உட்கார்ந்தேன். கை ஓடவில்லை. மத்தியானம் ஆள் வந்து வண்டியை எடுத்துப் போவார். அதுதான் அவரே ஓட்டுகிற வண்டி, நல்ல வண்டி. மிச்சம் இருப்பது அடிக்கடி ரிப்பேராகிச் செட்டுக்குப் போகிற வண்டி.

அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது. வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. மாப்பிள்ளை திரும்பி வந்துவிட்டார். கையில் பை காலியாக இருந்தது.

நடந்தது இதுதான். அவர் வழக்கம்போல அந்தத் தாளை மளிகைக் கடையில் நீட்டியிருக்கிறார். கடைக்காரர் திருத்தணிப் பக்கத்துக்காரர். சாமி கும்பிட வருகிறவர்களில் பாதிப்பேர் தமிழர்கள் என்பதால் தமிழ், தெலுங்கு இரண்டும் படிப்பார். தாளைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "இன்னாப்பா இது, இதுல பருப்பு இல்ல, காரு கீது" என்றாராம். கடையில் நின்றவர்கள் எல்லாம் சிரித்திருக்கிறார்கள். பிறகு அவர் முழுவதையும் சத்தமாகப் படித்துக் காட்டியிருக்கிறார்.

என் மாப்பிள்ளைக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. இந்த ஒன்பது வருடமும் நான் எழுதின எந்தக் காகிதத்தையும் அவர் படித்ததில்லை. நான் கொடுத்ததைக் கடையில் கொடுத்து, அவர்கள் கொடுத்ததை வாங்கிவந்திருக்கிறார். அவ்வளவு நன்றாகத் தமிழ் பேசுகிறவருக்குப் படிக்கத் தெரியாமல் இருக்கும் என்று எனக்கு ஒரு நாளும் தோன்றினதில்லை. ஒரே வீட்டில் இருந்துகொண்டு இதுகூட எனக்குத் தெரியவில்லை.

அவர் கூடத்தில் நின்றார். நான் உள்ளே, கதவுக்குப் பின்னால் நின்றேன்.

"அத்தம்மா, கடக்காரரு படிச்சி சொன்னாரு. எனக்குத் தமிழு படிக்க வராது" என்றார். அதைச் சொல்ல அவருக்கும் கூச்சமாக இருந்தது, குரலில் தெரிந்தது. "எத பாத்து அப்டி எழுதனீங்க? கொஞ்சம் சொல்லுங்க."

எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. அவர் பொறுமையாக நின்றார். பிறகு, போனில் அந்தப் படத்தைத் திறந்து, குனிந்து, சமையல் கட்டு வாசல்படியில் நான் காபி வைக்கிற இடத்தில் வைத்துவிட்டு நாலடி தள்ளிப் போய் நின்றுகொண்டார். அவர் அப்படித் தள்ளிப் போய் நின்றதைப் பார்த்ததும்தான் எனக்கு வாய் வந்தது.

கேஸ் சிலிண்டரைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். கதவு அட்டையைப் பற்றிச் சொன்னேன், கோட்டைப் பற்றிச் சொன்னேன், புதுக் கம்பளத்தைப் பற்றிச் சொன்னேன். அந்த வேனைப் பற்றியும் சொல்லிவிட்டேன். அதை என் வீட்டுக்காரரிடம்கூட நான் சொன்னதில்லை. "பழய வண்டில பின்சீட்டு மெத்தய தூக்குனா கையோட வந்துரும். அதுக்கு அடியில ஒரு படம் எடுத்து அனுப்பச் சொன்னா தெரிஞ்சிரும்" என்றேன்.

அவர் போனை எடுத்து அங்கேயே சென்னைக்குப் பேசினார். சத்தமாக வைத்தார், எனக்குக் கேட்கட்டும் என்று. விற்கிறவர் முதலில் நன்றாகத்தான் பேசினார். சீட்டைத் தூக்கிப் படம் எடுங்கள் என்றதும், இதெல்லாம் யார் உங்களுக்குச் சொன்னது என்று கேட்டார்.

"எங்க வூட்டுல எக்ஸ்பர்ட் கீறாங்க" என்றார் மாப்பிள்ளை.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையால் வாயை மூடிக்கொண்டேன். விற்கிறவர், சீட்டைக் கழற்றினால் ஒரிஜினல் கெட்டுப்போகும், வேண்டுமானால் நேரில் வந்து பாருங்கள், இன்னொருவரும் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்றார். மாப்பிள்ளை போனை வைத்தார்.

"அத்தம்மா, நீங்களும் வாங்க. நேர்ல பாத்துட்டு வந்துருவோம்."

நான் வரவில்லை என்றுதான் சொல்லியிருக்க வேண்டும். ஆனால், "முருங்கக்கீர ஆஞ்சி வெச்சிருக்கேன்" என்றேன். அவர், "வந்து துன்னலாம்" என்றார். காரைத் தவிர வேறு விஷயம் நாங்கள் இருவரும் பேசிக்கொண்டது இதுதான் முதல் முறை. வண்டி எடுக்க வருகிறவரிடம் போனில், இரண்டு நாள் பொறுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்.

விற்பதாக இருந்த அந்தக் காரிலேயே சென்னைக்குப் போனோம். நான் பின்சீட்டில், அவருக்கு நேர் பின்னால், கண்ணாடியில் முகம் தெரியாதபடி உட்கார்ந்துகொண்டேன். புத்தூர் தாண்டும் வரை இரண்டு பேரும் பேசவில்லை. நகரி பக்கத்தில் டீ குடிக்க நிறுத்தினார். எனக்கு டீயைக் கொண்டுவந்து ஜன்னலில் நீட்டினார். "சக்கர இல்லாம சொன்னேன். உங்களுக்குச் சக்கர கீதில்ல" என்றார். எனக்குச் சர்க்கரை இருப்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அவருக்குத் தமிழ் படிக்கத் தெரியாதது எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

சென்னையில் ஒரு தகரக் கொட்டகை. விற்கிறவர் சின்ன வயது, முப்பதுக்குள் இருக்கும். மரியாதையான பையன். என்னைப் பார்த்ததும் உட்கார நாற்காலி போட்டான். நான்தான் அந்த எக்ஸ்பர்ட் என்று நினைக்கவில்லை போல. மாப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு இன்ஜினைக் காட்டப் போனான். மாப்பிள்ளை அந்தக் காரை முதல் முறை நேரில் பார்த்தபோது அவர் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். குறையைக் கண்டுபிடிக்கிற கண் எனக்கு ஏன் இருக்கிறது என்று என்மேலேயே கோபம் வந்தது.

பிறகு அவரே பின்கதவைத் திறந்து, "அத்தம்மா" என்றார்.

நான் போய்த் தலையை உள்ளே விட்டேன். வாசனை திரவியம் தெளித்து வைத்திருந்தார்கள். மல்லிகை மாதிரி ஒரு வாசனை. அதற்கு அடியில், குளத்தில் தண்ணீர் வற்றினால் வருமே, அந்த வாசனை. போனில் அது வராது. டிவியிலும் வராது. பின்சீட்டின் அடி மெத்தையை இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கினேன். வந்துவிட்டது. அடியில் ஸ்பிரிங் எல்லாம் செம்மண் நிறத்தில் இருந்தது. விரலை உள்ளே விட்டு ஒரு கொத்து இழுத்தேன். மேலே ஒரு வரிசை புது நார், மஞ்சளாக. அதற்குக் கீழே களிமண்ணாக இறுகின பழைய அடைப்பு. கையில் எடுத்து நசுக்கினால் வண்டல் பொடிப்பொடியாக உதிர்ந்தது.

உள்ளங்கையில் வைத்து மாப்பிள்ளையிடம் காட்டினேன். அவர் தரைக் கம்பளத்தை ஓரமாகத் தூக்கிப் பார்த்தார். சாவியால் தகட்டை மெல்லத் தட்டினார். ஒரு இடத்தில் சாவி உள்ளே போனது.

விற்கிற பையன் முகம் வெளுத்துவிட்டது. "சத்தியமா எனக்குத் தெரியாதும்மா. போன வருஷம் நான் வாங்கும்போதே இப்படித்தான் இருந்துச்சு. எனக்கும் ஒரு நூல்கூட மாத்தலன்னுதான் சொன்னாங்க" என்றான். அவன் சொன்னதை நான் நம்பினேன். மாப்பிள்ளை நம்பினாரா என்று தெரியாது.

மெத்தையைத் திரும்பப் பொருத்தும்போது ஓரத்துத் தையலைப் பார்த்தேன். கைத்தையல். ஒவ்வொரு விரற்கடைக்கும் ஒரு முடிச்சு, எல்லாம் ஒரே அளவு. அவ்வளவு அழகான கை. மேலே ஒரு வரிசை போட்டு மூடுமா என்று யாரோ சொல்லியிருப்பார்கள். அவள், பெண்ணாகத்தான் இருக்கும் என்று எனக்கு ஏனோ தோன்றியது, வாய் திறக்காமல் மூடியிருப்பாள். அந்தத் தையலை ஒரு தடவை தடவிவிட்டு இறங்கினேன்.

மாப்பிள்ளை கிளம்பும் முன் காரை ஒரு முறை சுற்றி வந்தார். முன்பக்கத்து வளைவின்மேல் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு விற்கிற பையனிடம், "விக்கும்போது சொல்லி வில்லு தம்பி" என்று மட்டும் சொன்னார்.

திரும்பி வரும்போது மழை பிடித்துக்கொண்டது. மூன்று மாத ஆசையை ஒரு கொத்து நாரில் கெடுத்துவிட்டோமே என்று எனக்கு இருந்தது. பார்த்துப் பேசச் சிலிண்டரும் இல்லை, மறைந்து நிற்கக் கதவும் இல்லை. அவர் முதுகைப் பார்த்துத்தான் கேட்க வேண்டியிருந்தது.

"மாப்பிள்ளைக்கு வருத்தமா கீதா?"

அவர் ஒரு லாரி கடந்து போகும் வரை பொறுத்து, "வண்டி போனா போவுது அத்தம்மா" என்றார். இன்னும் கொஞ்ச தூரம் போனோம். "கல்யாணத்தப்ப நான் வாடக ஆட்டோ ஓட்டிகினு இருந்தேன். உங்க பொண்ணுக்கு இன்னும் நல்ல எடம் பாத்திருப்பீங்க, என்னப் புடிக்கலன்னுதான் பேசமாட்டேங்கறீங்கன்னு இத்தினி வருசமா நெனச்சிகினு இருந்தேன்" என்றார்.

மழையில் ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். குறையாகச் சொல்லவில்லை. டீயில் சர்க்கரை இல்லை என்று சொன்ன அதே குரல்தான்.

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. என்ன சொல்வது? மரியாதை என்று சொல்லவா? அவர் சாப்பிட்டு முடித்த பிறகுதான் நான் சாப்பிடுவேன் என்றும், அவர் வண்டி வர நேரமானால் வாசல் விளக்கை அணைக்கமாட்டேன் என்றும் எப்படிச் சொல்வது? அதெல்லாம் கதவுக்கு இந்தப் பக்கம் நடந்தது. அந்தப் பக்கம் அவருக்கு வெறும் டம்ளர் சத்தம் மட்டும்தான் கேட்டிருக்கிறது. என் மகளுக்கு இதைவிட நல்ல இடம் நான் எங்கே போய்ப் பார்ப்பேன்?

கடைசியில் எனக்கு வந்தது ஒரே வார்த்தைதான். "சாப்டீங்களா?" என்று கேட்டேன்.

அவர் சத்தமாகச் சிரித்துவிட்டார். "எங்க சாப்ட்டேன்? உங்க கூடத்தானே காலையிலேந்து கீறேன்" என்றார். ஊத்துக்கோட்டையில் வண்டியை நிறுத்தினார். ஒரே மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்து இட்லி சாப்பிட்டோம். நான் இலையைப் பார்த்துக்கொண்டுதான் சாப்பிட்டேன். ஆனால் சாப்பிட்டேன்.

நல்ல வண்டி இன்னும் எங்களிடமே ஓடுகிறது. அவருக்கு ஆசை போகவில்லை. இப்போதும் ஏதாவது பழைய கார் கண்ணில் பட்டால் டிவியில் போடுவார். கூடத்தில் எனக்கென்று ஒரு நாற்காலி போட்டிருக்கிறார். நான் அதில் முழுதாக உட்காருவதில்லை, நுனியில்தான். "அத்தம்மா, இது எப்டி?" என்பார். கதவைக் காட்டச் சொல்லு, சீட்டுக்கு அடியைக் காட்டச் சொல்லு என்று மகள் என்னை மாதிரியே பேசிக் கிண்டல் செய்வாள்.

காபி டம்ளருக்கு அடியில் நான் இப்போது காகிதம் வைப்பதில்லை. அவர் செருப்பு மாட்டும்போது வாசலுக்குப் போய், வேண்டிய சாமானை வாயால் சொல்கிறேன், அவர் தெலுங்கில் எழுதிக்கொள்கிறார். நான் மரியாதை என்று நினைத்துக் காத்த மௌனம் அவர் காதில் பத்தொன்பது வருடம் வேறு என்னவாகவோ கேட்டிருக்கிறது என்ற நினைப்பு வரும்போதெல்லாம், கால் கிலோ துவரம் பருப்பைக்கூட நான் கொஞ்சம் சத்தமாகவே சொல்கிறேன்.